எழுத்தை மிதிக்காதவர்

சீஃப் எப்போதும் தரையைப் பார்த்துத்தான் நடப்பார். கூச்ச சுபாவம் என்று சொல்ல முடியாது. கோபம் வந்தால் லாஞ்ச்காரர்களே காதைப் பொத்திக்கொள்ளும்படி ஏசக்கூடியவர். முதுகில் கூனலும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் அந்த ஆறடி உடம்பு நிமிர்ந்துதான் இருக்கும். எழுந்து நடக்கத் தொடங்கினால் மட்டும் பார்வை காலுக்குச் சற்று முன்னால் விழுந்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பீச் ரோட்டில் எதிரே வருகிறவர்கள்தான் விலகிப் போக வேண்டும். சைக்கிள்காரர்கள் மணியடித்துப் பார்ப்பார்கள், அப்புறம் அலுத்துப்போய் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள்.

"கீழ எதையோ தொலைச்சிட்டாரு போல, பாவம்" என்பார் படகுத்துறைக்கு எதிரே வடை போடும் அண்ணாச்சி. அவர் விளையாட்டாகச் சொன்னது ஏறக்குறைய உண்மை என்று எனக்குத் தெரிய வெகு நாளானது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் போர்டிங் கிளார்க்காக இருந்தேன். கப்பல் வந்ததும் லாஞ்ச் என்கிற விசைப்படகில் போய் ஏறுவது, கேப்டனிடம் கையெழுத்து வாங்குவது, மாலுமிகளுக்குத் தண்ணீர், காய்கறி, மருந்து என்று வேண்டியதை ஏற்பாடு செய்வது, இதுதான் வேலை. காயல்பட்டினத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனேன். என் வயதுக்காரர்கள் எல்லாரும் துபாய்க்கும் ஜித்தாவுக்கும் போய்விட்டிருந்தார்கள். விடுமுறை நாளில் பேச ஆள் தேடினால் தெருவில் கிழவர்கள்தான் அகப்படுவார்கள். அப்படிப்பட்ட காலத்தில்தான் சீஃப் எனக்கு வாய்த்தார்.

அவர் ஒரு பழைய சரக்குக் கப்பலின் சீஃப் இன்ஜினியர். கப்பலின் கிரேக்க முதலாளி, நங்கூரம் போட்ட இடத்திலேயே அதைக் கைகழுவிவிட்டார். மாலுமிகள் ஒவ்வொருவராக ஊர் போய்ச் சேர்ந்தார்கள். கடன்காரர்கள் போட்ட கேஸில் கோர்ட்டு முடிவு தெரியும்வரை கப்பலில் ஒருவராவது இருந்தாக வேண்டும் என்றபோது, கேட்பதற்கு முன்பே இவர் கையைத் தூக்கினார். ஒரு வருடத்துக்கு மேல் அந்தத் துருப்பிடித்த கப்பலில் தனியாக இருந்தார். வாரம் ஒருமுறை நான் தண்ணீரும் அரிசியும் கொண்டு போவேன். அறுபத்தைந்தைத் தாண்டிய மனிதர், தன்னந்தனியாக, ஓடாத இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

"ஒரு நாள் கரைக்கு வாங்க சீஃப். பிரியாணி சாப்பிட்டுட்டு சாயங்காலம் திரும்பிரலாம்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கூப்பிடுவேன்.

அவர் பூட்ஸ் காலால் தளத்தைத் தட்டிக் காட்டுவார். "இரும்பு. நல்ல தரை. கீழ பாக்க வேண்டியதில்ல."

இன்ஜினியர்களுக்கு இரும்பின்மேல் இருக்கிற கிறுக்கு என்று நினைத்துக்கொள்வேன்.

கப்பலை உடைக்க விற்றுவிட்டார்கள். இழுவைக் கப்பல் வந்த அன்று, ஒரு தகரப் பெட்டியோடு பழைய துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார். லாஞ்ச் படிக்கட்டை ஒட்டி நின்றுவிட்டது. அவர் இறங்கவில்லை. பாசி படர்ந்த கருங்கல் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் இன்னொரு லாஞ்ச் இடம் கேட்டு ஹாரன் அடித்தது.

"ஏலே, எறங்கச் சொல்லுலே அவர! கல்யாண மாப்பிள்ளையா, ஆரத்தி எடுக்கதுக்கு?" என்று எங்கள் லாஞ்ச் டிரைவர் கத்தினான்.

சீஃப் குனிந்தார். முதல் படியின் பாசியை உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தார். அப்புறம் காலை வைத்தார். அடுத்த படியையும் அப்படியே தேய்த்தார். மேலே ஏறி முடிக்கும்வரை ஒவ்வொரு படியிலும் இதே கதை. வழுக்குமோ என்று பார்க்கிறார் என எண்ணி நான் கை கொடுத்தேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

ஊருக்குப் போக டிக்கெட் எடுத்துத் தருவதாக ஏஜென்சியில் சொன்னார்கள். "எந்த ஊருக்கு?" என்று கேட்டார். பாஸ்போர்ட்டில் இருந்த ஊரைச் சொன்னோம். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். லாஞ்ச் இன்ஜின்களைப் பழுதுபார்க்க ஆள் தேவைப்பட்ட காலம் அது. இங்கேயே இருந்துவிட்டார். வருடா வருடம் அவரைப் போலீஸ் ஆபீசுக்குக் கூட்டிப் போய்த் தங்குவதற்கு அனுமதி வாங்குவது எப்படியோ என் வேலையாயிற்று.

தங்குவதற்கு வீடு பார்த்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. காற்றோட்டமான மாடி அறைகள் இரண்டு மூன்று காட்டினேன். எதுவும் பிடிக்கவில்லை. கடைசியாகப் பெரிய கோயில் என்கிற மாதா கோயிலுக்குப் பின்னால் சலேத் அக்கா வீட்டுக்குப் போனோம். சலேத் அக்காவின் புருஷன் தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோய்த் திரும்பி வராதவர். வீட்டின் பின்பக்க அறையை வாடகைக்கு விட்டுத்தான் ஒரே மகள் ரோஸியை வளர்த்தாள். அறை இருட்டாக இருந்தது. நான் தயங்கியபோது சலேத் அக்கா மகளிடம், "ஏளா, குசினில இருந்து அந்தச் சின்ன மேசைய எடுத்துட்டு வா. வெள்ளக்காரரு எதுல வச்சுத் திம்பாரு?" என்றாள்.

சீஃப் சடாரென்று நிமிர்ந்தார். "குசினி?" என்று கேட்டார். "மேசை?"

எங்கள் பக்கத்துக் கடற்கரைக் கிறிஸ்தவர்கள் சமையலறையைக் குசினி என்றுதான் சொல்வார்கள். போர்த்துக்கீசியர்கள் விட்டுப்போன சொல். சீஃப் தன் நெஞ்சில் கைவைத்து, "எங்க அம்மாவும் இதே. குசினா. மேசா" என்றார். அறையைப் பார்க்கவே இல்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

தமிழையும் வேகமாகப் பிடித்துக்கொண்டார். ஆனால் லாஞ்ச்காரர்களிடம் கற்ற தமிழ். அவர்கள் எந்நேரமும் "அவன் வாரான், இவன் போறான்" என்று பேசுவதால், உலகத்தில் உள்ள எல்லாமே அவருக்கு ஆண்பிள்ளைதான். "மழை வாரான்" என்பார். "பஸ் போயிட்டான்." சலேத் அக்கா கோபமாக இருந்தால், "அக்கா இன்னைக்கு ரொம்ப ஏசுதான்." ரோஸி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அவர் ஒரு யூதர் என்பது சலேத் அக்காவுக்குத் தெரியவந்ததும் அந்த வீட்டில்தான். சாப்பாட்டின்போது அவரை ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கூப்பிட்டாள். மறுத்ததும் காரணம் கேட்டாள். அவர் சொன்னார். சலேத் அக்கா தவக்காலத்தில், ஏசுவைச் சிலுவையில் அறையும் பாஸ்கு நாடகம் பார்த்து வளர்ந்தவள். அந்த நாடகத்தில் யூதர்கள் எப்படி வருவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"ஏசுவக் கொன்னவங்கல்லா நீங்க?" என்று நேரடியாகவே கேட்டுவிட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

சீஃப் மீன்முள்ளை எடுத்துத் தட்டோரமாக வைத்தார். "அன்னைக்கி நான் டூட்டில இல்ல அக்கா" என்றார்.

சலேத் அக்கா சிறிது நேரம் முறைத்துப் பார்த்தாள். பிறகு இன்னொரு துண்டு மீனை அவர் தட்டில் வைத்தாள்.

சனிக்கிழமைகளில் அவர் எந்தக் கருவியையும் தொடமாட்டார். லாஞ்ச் நின்று போனாலும் சரி, முதலாளியே வந்து நின்றாலும் சரி. "இன்னைக்கி ஹார்பர் லீவு" என்பார். தூத்துக்குடி துறைமுகத்தில் சனிக்கிழமை என்ன, ஞாயிற்றுக்கிழமையும் கிரேன் ஓடிக்கொண்டிருக்கும். "மனுசன் வெள்ளிக்கிழம ராத்திரி சரக்கு போட்டுருதாரு, அதான் சனிக்கிழம எந்திரிக்க முடியல" என்று பேச்சு. அவர் குடித்து நான் பார்த்ததே இல்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, உப்புச் சாக்கு ஏற்றும் தோணிகளைப் பார்த்தபடி பகல் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் போய் உட்கார்ந்தால் பேசுவார். போகாவிட்டால், அன்றைக்கு யாரிடமும் ஒரு சொல்கூடப் பேசியிருக்க மாட்டார்.

எங்கள் ஆபீஸ் வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம். வாசற்படியில் ஏதோ பழைய கம்பெனியின் பெயர் வெட்டியிருக்கும். பாதி எழுத்து தேய்ந்துபோயிற்று. தினமும் நூறு பேர் மிதித்து ஏறுகிற படி. சீஃப் அதை மட்டும் தாண்டித்தான் உள்ளே வருவார். முழங்கால் வலி வந்த பிறகும், கதவைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு படியைத் தவிர்த்துக் காலை அகட்டி வைப்பார். மேனேஜர் ஒருமுறை, "சீஃப் நம்ம ஆபீஸ மட்டும் கடல் தாண்டுத மாதிரி தாண்டுதாரு" என்று கேலி செய்தார். எல்லாரும் சிரித்தோம். சீஃபும் சிரித்தார். ஆனால் மிதிக்கவில்லை.

அதற்கப்புறம் போலீஸ் விவகாரம். ஒரு நாள் மத்தியானம் ஸ்டேஷனிலிருந்து ஆபீசுக்கு போன். ஓடினேன். பெஞ்சில் சீஃப் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் மண். எதிரே ஒரு டீக்கடைக்காரர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"என்ன நடந்துச்சு அண்ணாச்சி?" என்றேன்.

"கடைக்கு முன்னால சாக்கடைக்கு மேல ஒரு கல்லு போட்டிருக்கேன் தம்பி, ஆளுக வந்து போவதுக்கு. இவரு வந்தாரு. டீ கேட்டாரு. குடிச்சாரு. குடிச்சுட்டு அந்தக் கல்லத் தூக்கித் திருப்பிப் போட்டுட்டாரு! ரெண்டு பேரு சாக்கடைல விழுந்துட்டானுவ!"

எஸ்.ஐ. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏம்ப்பா, பழைய வீடுகள்ல எல்லாம் தரையத் தடவிப் பாக்காராம். பொதையல் கிதையல் தேடுதாரா?"

வயசாகிவிட்டது, கொஞ்சம் மறதி என்று எதையோ சொல்லிக் கூட்டி வந்தேன். வழியில், "அந்தக் கல்லுல என்ன இருந்துச்சு சீஃப்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல" என்றார். அப்படியொரு நிம்மதி முகத்தில். "வெறுங்கல்லு."

சலேத் அக்கா வீட்டுப் பின்கட்டில் ஒரு கிணறு. கிணற்றுக்குப் பக்கத்தில் செங்கல் அடுக்கி, அதன்மேல் சாய்த்துப் போட்ட துவைகல். சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருக்கும். மாமனார் காலத்திலிருந்து கிடக்கிற கல் என்று சொல்வாள். சீஃப் தன் துணிகளை அதில் துவைக்கமாட்டார். வாளியில் ஊறவைத்துக் கையால் கசக்குவார். "கல்லு இருக்க, என்னத்துக்கு இப்படி மெனக்கெடுதீரு?" என்று கேட்டுப் பார்த்து அவளும் விட்டுவிட்டாள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் செங்கல் சரிந்து, கல் தலைகுப்புறக் கவிழ்ந்துவிட்டது. அடிப்பக்கம் மேலே வந்தது. மண்ணை மழையே கழுவிவிட்டிருந்தது. ஒரு சிலுவை, அதற்குக் கீழே ரோமன் எழுத்துகள். மேல் மூலை உடைந்திருந்ததால் பெயரின் கடைசிப் பாதிதான் மிச்சம்: 'அன்னா' என்று முடிந்தது. ஜோஹன்னாவாக இருக்கலாம். சுசன்னாவாகவும் இருக்கலாம். ஒல்லாந்துக்காரர், அதாவது டச்சுக்காரர், காலத்துக் கல்லறைப் பலகை.

சலேத் அக்கா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். "ஐயோ மாதாவே! இதுலயா நான் இத்தன வருசமா உள்பாவாடை தொவச்சேன்?"

ரோஸியின் சிரிப்பு அடங்கியதும் சலேத் அக்காவுக்குப் பயம் வந்துவிட்டது. ரோஸிக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாரக் கடைசியில் பெண் பார்க்க வருவதாக இருந்தது. கல்லறைக் கல் கிடக்கிற வீடு என்று வெளியே தெரிந்தால் யார் சம்பந்தம் பேசுவார்கள்? மறுநாள் காலையிலேயே ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்துவிட்டாள். உடைத்துச் சாக்கில் கட்டிக் கடலில் போட்டுவிடுவது என்று ஏற்பாடு.

ரோஸிதான் ஆபீசுக்கு ஓடி வந்தாள். "அண்ணே, சீஃபு கொத்தனார அடிக்கப் போறாரு. சீக்கிரம் வாங்க!"

நான் போனபோது கொத்தனாரின் சுத்தியல் சீஃப் கையில் இருந்தது. அடிப்பதற்கு ஓங்கியிருக்கவில்லை. குழந்தையை அணைப்பதுபோல் நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"நீரு என்ன லூசா?" என்று சலேத் அக்கா கத்திக்கொண்டிருந்தாள். "எவளோ ஒல்லாந்துக்காரி! நீரோ யூதரு. ஒமக்கும் இவளுக்கும் என்ன வேய் சம்பந்தம்?"

சீஃப் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு. நான் இங்கிலீஷ்ல சொல்றேன். நீ இவங்களுக்குச் சொல்லு" என்றார். கிணற்று விளிம்பில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

அவருடைய ஊர் சலோனிகா. கிரேக்க நாட்டில் ஒரு பெரிய துறைமுகம். அங்கே மூட்டை தூக்குகிறவர்கள், படகோட்டிகள், மீன் பிடிக்கிறவர்கள் என்று பாதிக்கு மேல் யூதர்கள்தான். பல தலைமுறைக்கு முன்னால் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள். துரத்திய நாட்டின் மொழியைத்தான் வீட்டில் பேசினார்கள். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள் என்பதால் ஒரு காலத்தில் துறைமுகமே அன்றைக்கு மூடிக் கிடக்கும். அவருடைய அப்பா சரக்குப் படகில் வேலை பார்த்தவர்.

போரின்போது ஜெர்மானியர்கள் ஊரைப் பிடித்தார்கள். ஒரு கோடை நாளில் யூத ஆண்களையெல்லாம் சதுக்கத்தில் கூட்டி, கொளுத்தும் வெயிலில் குட்டிக்கரணம் போடவைத்து, அடித்து, ரோடு போடும் வேலைக்குக் கொண்டுபோனார்கள். பலர் அங்கேயே செத்தார்கள். அப்புறம் மயானத்துக்கு வந்தார்கள். ஊர் அளவுக்குப் பெரிய மயானம் அது. நூற்றுக்கணக்கான வருடங்களாகப் புதைத்த இடம். கூலிக்காரர்கள் கடப்பாரையோடு வந்து கற்களைப் பெயர்த்துக் குவித்தார்கள். வேண்டியவர்கள் வண்டி கொண்டுவந்து ஏற்றிப் போனார்கள். ரோட்டுக்கு, முற்றத்துக்கு, ஜெர்மன் சிப்பாய்கள் குளிக்கும் குளத்துக்கு, கக்கூசுக்கு.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா" என்றார் சீஃப். "சின்ன வயசுலயே காய்ச்சல்ல போயிட்டா. அவ கல்லப் பெயர்க்கும்போது அம்மா அங்க நின்னா. வண்டிக்காரன்கிட்ட, இது மட்டும் வேணாம்னு கெஞ்சினா. அவன் கெட்டவன் இல்ல. இது ஏற்கெனவே வித்தாச்சும்மான்னு சொன்னான்."

நான் இதைத் தமிழில் சொல்லி முடித்ததும் கொத்தனார் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

சில மாதங்களில் ரயில்கள் வந்தன. போலந்தில் புது வீடு, புது வேலை என்று சொன்னார்கள். அந்த ஊர்ப் பணம் என்று காகிதம்கூடக் கொடுத்தார்கள். ஏறுவதற்கு முந்தின இரவு அப்பா இவரை ஒரு மீனவ நண்பரின் படகில், வலைக்குக் கீழே படுக்கவைத்து அனுப்பிவிட்டார். இவர் மலைக்குப் போய் ஒளிந்துகொண்டார். வீட்டில் மற்ற எல்லாரும் ரயில் ஏறினார்கள். ஒருவரும் திரும்பவில்லை. அந்த ஊரிலிருந்து போனவர்களில் திரும்பி வந்தவர்கள் மிகமிகச் சொற்பம். போய் இறங்கிய அன்றே பெரும்பாலானவர்களைக் கொன்றுவிட்டார்கள்.

"போர் முடிஞ்சு ஊருக்குப் போனேன். எங்க வீட்டுல வேற யாரோ இருந்தாங்க. நான் வீட்டக் கேக்கல. தங்கச்சி கல்லத்தான் தேடினேன். அப்பா அம்மாவுக்குத்தான் கல்லே கிடையாது. இவளுக்காவது இருந்துச்சே. தெருத் தெருவாப் போனேன். ஒரு வீட்டு வாசல்ல எங்க டாக்டரோட பேரு. மீன் மார்க்கெட்ல மீன் வெட்டுற பலகையா ஒருத்தரோட பேரு. எங்க கால வச்சாலும் யாரோ ஒருத்தரு. ஒரு வருசம் தேடினேன். அவ கிடைக்கல. அதுக்கு மேல அந்த ஊர்ல நடக்க முடியல. கப்பலுக்குப் போயிட்டேன்."

சீஃப் சுத்தியலைக் கொத்தனாரிடம் நீட்டினார். "உங்க வீடு அக்கா. உங்க கல்லு" என்று தமிழில் சொன்னார். "இந்தப் பலகை சின்னது. இது குழந்தையோட கல்லு. யாரோ அழுதுகிட்டேதான் செதுக்கச் சொல்லியிருப்பான்."

சலேத் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரருக்கும் கல்லு கெடையாதுல்லா" என்றாள். அதை யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பிறகு கொத்தனாரைப் பார்த்து, "வந்தது வந்துட்டீரு. அந்த மதிலோரம் பள்ளம் எடுத்து இத நட்டமா நிறுத்தி வச்சிட்டுப் போரும். சிமெண்ட் நல்லாப் பூசும்" என்றாள்.

பெண் பார்க்க வந்தவர்கள் கல்லைப் பார்த்தார்களோ இல்லையோ, அந்தச் சம்பந்தம் அமையவில்லை. மறு வருடம் ரோஸிக்கு மணப்பாட்டில் நல்ல இடம் கிடைத்தது. கல்லறைத் திருநாள் வந்தபோது சலேத் அக்கா மதிலோரத்தில் இரண்டு மெழுகுவர்த்தி கொளுத்தினாள். ஒன்று அந்தக் குழந்தைக்கு. இன்னொன்று யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

அதற்குப் பின் ஒரு நோன்புப் பெருநாளைக்குச் சீஃபை எங்கள் ஊருக்கு அழைத்துப் போனேன். என் உம்மா ஆக்கியதைச் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ நடந்தோம். பள்ளிவாசலை ஒட்டி, எங்கள் ஆட்களை அடக்குகிற மையவாடிப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். சிலுவை இல்லை, சிலை இல்லை. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நட்ட கற்கள் வரிசையாக. பழைய கற்களில் அரபு எழுத்துகள்.

"இது என்ன?"

"கபுறு" என்றேன். எங்களில் கல்லறைக்கு அதுதான் சொல்.

"கெவெர்" என்று திருப்பிச் சொன்னார். அவர்களுடைய வேத மொழியிலும் கிட்டத்தட்ட அதே சொல்தானாம். மதிலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கண்ணீர் தாடைவரை வழிந்தது, துடைக்கவில்லை. "கல்லு எல்லாம் நிக்கான்" என்றார். "பாரு. எல்லாம் நிக்கான்."

திரும்பும்போது, ஒரு தடவையாவது அவர் ஊருக்குப் போய்ப் பார்த்து வரலாமே என்று கேட்டேன். "அந்த மயானத்து மேல இப்ப பெரிய யூனிவர்சிட்டி இருக்கு" என்றார். "பிள்ளைங்க படிக்குதாங்க. நல்லாப் படிக்கட்டும். நான் போனா எங்க நடக்கது?"

அவருக்கு எங்கிருந்தும் கடிதம் வந்ததில்லை. அவரும் யாருக்கும் எழுதியதில்லை. கடைசி வருடத்தில் வெளியே நடப்பதே குறைந்துபோயிற்று. அறைக்கும் கிணற்றடிக்கும் நடுவே உள்ள சிமெண்டுத் தரையில் மட்டும் தலையை நிமிர்த்தி உலாத்துவார். அந்தத் தரையை அவருக்குத் தெரியும். ஒரு நாள் காலை சலேத் அக்கா காப்பி கொண்டுபோனபோது மூச்சுத் திணறிக் கிடந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது.

எங்கே அடக்குவது? சலேத் அக்கா பங்குச் சாமியாரிடம் ஓடினாள். அவர் நல்ல மனிதர். ஆனால் கோயில் கல்லறையில் இடம் தர வழியில்லை என்றார். எனக்குக் கொச்சியில் ஒரு ஏஜென்சி நண்பர் இருந்தார். அங்கே எஞ்சியிருந்த யூதக் குடும்பங்களில் ஒரு பெரியவரின் நம்பரைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினேன். நடுங்கும் குரல். பாதி ஆங்கிலம், பாதி மலையாளம். பொறுமையாகச் சொன்னார்: உடலைத் தனியாக விடக் கூடாது. கழுவ வேண்டும். தையல் அலங்காரம் இல்லாத வெள்ளைத் துணி. ஆடம்பரம் கூடாது, மண் படவேண்டும். இன்றைக்கே.

"பேர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். "தகப்பன் பேர்? இன்னாரின் மகன் என்று சொல்லித்தான் எங்களில் அனுப்ப வேண்டும்."

எனக்குத் தெரியவில்லை. அவர் எப்போதும் 'அப்பா' என்றுதான் சொல்லியிருக்கிறார். பாஸ்போர்ட்டிலும் தகப்பன் பெயர் இல்லை. பூத்தை விட்டு வெளியே வந்து சலேத் அக்காவைக் கேட்டேன். அவளுக்கும் தெரியாது. லாஞ்ச்காரர்களுக்கும் தெரியாது. எத்தனையோ பேருடைய பெயரைக் காலடியில் பார்த்துப் பார்த்து நடந்த மனிதர். அவருடைய தகப்பன் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பூத்துக்குத் திரும்பிப் போய், யாருக்கும் தெரியவில்லை என்றேன். "சரி, ஆபிரகாமின் மகன் என்று சொல்லுங்கள்" என்றார் பெரியவர்.

கழுவத் தெரிந்தவர் எங்கள் மாமா. ஊரில் மையித்து, அதாவது இறந்தவர் உடல், குளிப்பாட்டுகிற வேலையை நன்மைக்காகச் செய்கிறவர். போன் போட்டேன்.

யூதர் என்று சொன்னதும், "யஹூதியா?" என்றார்.

"ஆமா மாமா."

"நம்ம மையவாடி மதிலப் பிடிச்சிக்கிட்டு அழுதாரே, அந்த மனுசனா? நான் துணி கொண்டாரேன். தண்ணி மட்டும் தயார் பண்ணி வை."

உப்பளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பொது மயானத்தில் குழி வெட்டினோம். லாஞ்ச்காரர்கள் வந்தார்கள், கொத்தனார் வந்தார், அங்கியில்லாமல் பங்குச் சாமியாரும் வந்து ஓரமாக நின்றார். பெண்கள் வருவது வழக்கமில்லை என்று யாரோ சொன்னதற்கு, "எனக்கு ஒரு வழக்கமும் தெரியாது" என்று சொல்லிவிட்டுச் சலேத் அக்காவும் வந்தாள். ஆபிரகாமின் மகன் என்று நான் தமிழில்தான் சொன்னேன். கல் வைக்கவில்லை. "எனக்குக் கல்லு வேண்டாம். வச்சா எவனுக்காவது தேவைப்படுவான்" என்று அவர் சொல்லியிருந்தார். இப்போது அந்தப் பக்கம் போனால் எல்லா இடத்திலும் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. எது அவருடைய இடம் என்று என்னால் உறுதியாகக் காட்ட முடியாது.

எல்லாம் முடிந்தபின், சொன்னபடி செய்துவிட்டோம் என்று தெரிவிக்க அதே பூத்துக்குப் போனேன். பெரியவர் ஒவ்வொன்றாக விசாரித்தார். பிறகு, "இதற்கென்று ஒரு பிரார்த்தனை இருக்கிறது. பத்து யூத ஆண்கள் கூடினால்தான் சொல்லலாம். இங்கே எங்கள் கோயிலிலேயே பத்துப் பேர் சேர்வதில்லை" என்றார்.

"அப்போ அவருக்குச் சொல்ல முடியாதா?"

போனில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து நிற்கிறார் என்று புரிந்தது.

"சட்டப்படி கூடாது" என்றார். "நான் சொல்கிறேன். நீங்கள் கேளுங்கள். நான் நிறுத்துகிற இடத்தில் நீங்கள் ஆமேன் சொல்ல வேண்டும். யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும்."

பூத்துக்கு வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் கண்ணாடியைத் தட்டி, சீக்கிரம் என்று சைகை காட்டினார். நான் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, ரிசீவரைக் காதோடு அழுத்தினேன். பெரியவரின் குரல் மெதுவாக ஏறியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நடுவில் ஸலாம் போல ஒரு சொல் மட்டும் வந்துபோனது. பிறகு அவர் நிறுத்தினார். மூச்சு வாங்குவது கேட்டது.

"ஆமீன்" என்றேன்.

அவர் அடுத்த வரியைத் தொடங்கினார்.